குறைந்தபட்சம்

ஒரே ஒரு வரி.
அதில் ஒரே ஒரு இலக்கம்.
ஆறா, எட்டா?
உவர்மலையில், மாடியறை ஒன்றில்
மூன்று நாளாய் அதன் முன்னால் இருக்கிறேன்.

எட்டென்று எழுதினால்
நாலு வரியில் மூச்சுவாங்கும் இடங்களை
ஒரு வரியில் தாண்டிவிடலாம்.
நினைவகம் மிச்சம். வேகம்.
ஆறாம் ரன்டைமுக்கு நவம்பரோடு வைத்தியம் நின்றுவிட்டது,
இனி ஓட்டை கண்டால் அடைக்க ஆளில்லை
என்கிறான் யதுர்சன்.
இருபத்து மூன்று வயது.
பழசும் பிழையும் அவன் வாயில் ஒரே சொல்.
ஆனால் ஓட்டையைப் பற்றி அவன் சொன்னது சரி.

எட்டு என்று எழுதினேன்.
கட்டி முடிந்தது, எல்லாம் பச்சை.
பிறகுதான் பட்டியலைத் திறந்தேன்,
இந்தச் சட்டகத்தின் மேல்
யார் யார் நிற்கிறார்கள் என்று.

முப்பத்தொரு இடம்.
பதினொன்று இன்னும் ஆறில்:
கொட்பேயில் ஐஸ் தொழிற்சாலை,
நிலாவெளியில் இரண்டு விடுதி,
சேருநுவரவில் நெல் களஞ்சியம்,
மூதூரில் ஒரு மருந்தகம்,
இன்னும் ஆறு,
பெயரை வைத்து இடம் பிடிபடாதவை.

மூதூருக்குக் கோல் எடுத்தேன்.
"உங்கட கொம்பியூட்டரில என்ன வெர்ஷன்?"
"வெள்ளை" என்றாள் பஸ்மிலா.
கொஞ்சம் யோசித்து,
"இப்ப மஞ்சளாப் போச்சு."

விண்டோஸ் ஏழு. இரண்டு ஜிபி.
எட்டு அதில் ஏறாது.
"என்ன செய்யும் அது?"
"டோக்கன் அடிக்கும். சீனி வருத்தக்காரரின்ர
மாத மருந்துக் கணக்குப் பார்க்கும்.
கரண்ட் போய் வந்தா
தானா எழும்பி நிற்கும்.
வேற என்ன செய்யவேணும்?"

என்னிடம் பதில் இருந்தது.
பன்னிரண்டு பக்கம், அட்டவணையோடு.
சொல்லவில்லை.

இரண்டுக்கும் கட்டலாம், ஓம்.
ஆறென்றால் இப்படி, எட்டென்றால் அப்படி என்று
கோப்புக்குக் கோப்பு கவடு விட்டு,
ஒவ்வொரு இரவும் இரண்டு தரம் சோதித்து.
மூன்று மொழியில் படிவம் அடிக்கிற நாட்டில் இருக்கிறேன்,
எழுத்து சிறுத்து, சிறுத்து
கடைசியில் கையெழுத்து வைக்க
இடமில்லாமற் போவதை அறிவேன்.

"பதினொரு பேருக்காக
இருபது பேர் நிற்கிறதோ, அக்கா?"
கேட்டுவிட்டு யதுர்சன் தேத்தண்ணி வாங்கப் போனான்.

ஜன்னலுக்கு அப்பால் துறைமுகம்.
எவ்வளவு பெரிய கப்பலும் வரலாம் என்பார்கள்.
அந்த ஆழத்தை
ஒருவரும் கூட்டம் வைத்துத் தீர்மானிக்கவில்லை.
கொடுத்துவைத்த தண்ணீர்.

எனக்குக் கிடைத்தது ஒரு கோடு.
கோடு கிழிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல;
வரிசையில் நின்று அடையாள அட்டை நீட்டியவள் நான்.
அந்தக் கோடுகளையும் யாரோ ஒருவர்
மேசையில் இருந்துதான் கிழித்திருப்பார்,
பக்கத்தில் தேத்தண்ணி ஆற,
இரண்டு பக்க நியாயமும் தெரிந்தே.

கீழே, மதிலோரம்
ஒரு மான் லஞ்ச் ஷீட்டைத் தின்கிறது.
அதற்கு எந்த வெர்ஷனும் சரி.

எட்டையே விட்டேன்.
ஆறைத் தனிக் கிளையில் வைத்தேன்,
ஜூன் மட்டும்,
புதிதாய் ஒன்றுமில்லை, ஓட்டை அடைப்பு மாத்திரம்,
சம்பளமில்லாத மணித்தியாலங்களில்.
யதுர்சன் ஒன்றும் சொல்லவில்லை.
ஆனால் அந்தக் கிளைக்கு முதல் திருத்தம்
இரவு ஒன்றரைக்கு
அவன் பெயரில் வந்திருந்தது.

சனிக்கிழமை மூதூர் பஸ்.
மடியில், பாவித்த சிபியு ஒன்று,
துவாயால் சுற்றி.
கண்டக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
இரண்டு டிக்கெட் கிழித்தார்.
கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறுகையில்
காற்று நெஞ்சிலடிக்க
விரல்விட்டு எண்ணினேன்: இன்னும் பத்து.

சேருநுவரவில்
யாரும் இன்னும் போன் எடுக்கவில்லை.